இதழை நிறுத்துங்கள், கதைகளை அழியவிடாதீர்கள்

தமிழில் இணையச் சிறுகதை இதழ்கள் நடத்தும் ஆசிரியர் குழுவினர் அனைவருக்கும்,



அமெரிக்காவில் 2005 டிசம்பரோடு நின்றுபோன ஓர் இணைய இதழைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 'சைஃபிக்‌ஷன்' என்பது அதன் பெயர். அறிவியல் புனைகதைகளைத் தேடித் தேடி வாசிக்கும் இளைஞர்களிடம் கேட்டால்கூட இன்று பலருக்கு அந்தப் பெயர் தெரிவதில்லை. ஐந்தரை ஆண்டுகள் நடந்த அந்த இதழைவிட நல்ல இடம் அன்றைய இணையத்தில் ஆங்கிலச் சிறுகதைக்கு இருந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன்பே நின்றுபோன எத்தனையோ இதழ்கள் நினைவில் இருக்கின்றன. இது மட்டும் இவ்வளவு சீக்கிரம் மறக்கப்பட்டதற்குக் காரணம், நின்ற பிறகு அதற்கு நேர்ந்த கதி. அதைச் சொல்லவும், அதை முன்வைத்து உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கவும்தான் இந்த மடல்.

சை ஃபை சேனல் என்ற அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியின் இணையதளத்தில் ஒரு பகுதியாக, 2000 மே மாதம் சைஃபிக்‌ஷன் தொடங்கியது. வாரம் ஒரு புதிய சிறுகதையோ குறுநாவலோ வரும். கூடவே, பழைய அச்சிதழ்களில் வந்து கைக்குக் கிடைக்காமல் போன நல்ல கதைகளை எடுத்து மறுபிரசுரம் செய்வார்கள். சந்தா கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எழுத்தாளருக்குச் சொல்லுக்கு 20 சென்ட் கொடுத்தார்கள். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் ஓர் இதழைத் தொழில்முறை இதழாக ஏற்றுக்கொள்ள அன்று விதித்திருந்த குறைந்தபட்சச் சன்மானம் சொல்லுக்கு 3 சென்ட். 2004இல் அது 5 சென்ட் ஆனது. 5,000 சொல்லில் ஒரு கதை எழுதியவருக்கு மற்ற இடத்தில் 150 டாலர் கிடைத்தால் இங்கே 1,000 டாலர். வாசகரிடம் ஒரு காசு வாங்காமல், எழுதுபவருக்கு அந்தத் துறையிலேயே மிக உயர்ந்த கூலியைக் கொடுத்த இதழ் அது.

அதன் ஆசிரியர் எலன் டாட்லோ. இந்தப் பெயரை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1981 முதல் 'ஆம்னி' என்ற பெரும் மாத இதழின் புனைகதை ஆசிரியராக இருந்தவர். வில்லியம் கிப்ஸனின் 'பர்னிங் குரோம்' 1982இல் அங்கேதான் வந்தது. ஆம்னியின் அச்சுப் பதிப்பு 1995இல் நின்று இணையத்துக்குப் போனது. 1998இல் இணையத்திலும் நின்றது. டாட்லோ அதே ஆண்டில் சில நண்பர்களோடு சேர்ந்து 'ஈவன்ட் ஹொரைசன்' என்ற இணைய இதழைத் தொடங்கினார். கெல்லி லிங்க் எழுதிய 'தி ஸ்பெஷலிஸ்ட்ஸ் ஹேட்' அதில் வெளியாகி 1999இல் உலக மிகுபுனைவு விருதைப் பெற்றது. பணம் போதாமல் அதுவும் நீடிக்கவில்லை. அதன் பிறகு சைஃபிக்‌ஷன். பத்தாண்டுக்குள் தன் கையிலிருந்த மூன்று இதழ்கள் நின்றுபோவதைப் பார்த்தவர் அவர். மூன்றிலும் கதைத் தேர்வில் அவர் தரத்தைக் குறைத்துக்கொண்டதில்லை.

அந்தக் கதைகளைப் பற்றிச் சொல்லாமல் இதழின் அருமை புரியாது. லிண்டா நாகாட்டாவின் 'காடஸஸ்' என்ற குறுநாவல் 2000ஆம் ஆண்டுக்கான நெபுலா என்ற அறிவியல் புனைகதை விருதைப் பெற்றது. இணையத்தில் வெளியான ஒரு கதைக்கு நெபுலா கிடைத்தது அதுவே முதல் தடவை. கதை நடப்பது இந்தியாவில். புகுந்த வீட்டுக்கு வேண்டாதவளாகிப்போன ராஜ்பன் என்ற இளம்பெண், எதிர்காலத் தொழில்நுட்பமும் பன்னாட்டு நிறுவனமும் வந்து இறங்கிய ஒரு மாவட்டம், இவற்றை வைத்து வளர்ச்சி என்று நாம் சொல்லிக்கொள்வதை எடை போட்டுப் பார்க்கும் கதை. ஹவாயில் இருக்கும் ஒருவர் எழுதியது. குறைகள் சொல்லலாம். ஆனாலும் இணையக் கதை என்றால் இரண்டாம் தரம் என்று நினைத்துக்கொண்டிருந்த விருதுக் குழுக்களின் மனத்தை மாற்றியது அது.

அடுத்து, கேரன் ஜாய் ஃபௌலரின் 'வாட் ஐ டிடின்ட் ஸீ'. கொரில்லா வேட்டைக்காக ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போன ஒரு குழுவில் ஒரு பெண் காணாமல் போகிறாள். உடன்போன இன்னொரு பெண் முதுமையில் அதை நினைத்துச் சொல்கிறாள். விண்கலமும் இல்லை, எந்திரமும் இல்லை. இதை அறிவியல் புனைகதை என்று எப்படிப் போடலாம் என்று பெரிய சண்டையே நடந்தது. டாட்லோ பின்வாங்கவில்லை. ஆண்கள் அறிவியலின் பேரால் காட்டுக்குள் செய்ததையும், அதைப் பார்த்தும் பாராமல் இருந்ததையும் சொல்லும் கதை, இந்த வகைமைக்குள் வராவிட்டால் வகைமைக்குத்தான் நஷ்டம் என்பது என் கட்சி. அந்தக் கதையும், ஜெஃப்ரி ஃபோர்டின் 'தி எம்பயர் ஆஃப் ஐஸ்கிரீம்' கதையும் ஒரே ஆண்டில், 2003ஆம் ஆண்டுக்கான நெபுலாவை ஆளுக்கொரு பிரிவில் வாங்கின. ஃபோர்டின் கதையில் ஒலிகளை நிறமாகவும் மணத்தைத் தொடுவுணர்வாகவும் அறியும் பையன், காபி ஐஸ்கிரீமைச் சுவைக்கும்போது ஒரு பெண்ணைப் பார்க்கிறான். புலன்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும் ஒரு மருத்துவ உண்மையிலிருந்து அவ்வளவு துயரமான காதல் கதையை எடுக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

லூசியஸ் ஷெப்பர்டின் 'ஓவர் யாண்டர்' ஸ்டர்ஜன் விருது பெற்றது. மைக்கேல் ஸ்வான்விக் தனிம அட்டவணையை எடுத்துக்கொண்டு, தனிமத்துக்கு ஒன்றாக வாராவாரம் குட்டிக்கதை எழுதினார். ஹைட்ரஜனில் தொடங்கி அட்டவணை முழுவதையும் முடித்தார்! எந்த அச்சிதழ் ஆசிரியர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும் இப்படி ஒரு விளையாட்டுக்கு இடம் கொடுப்பார்? பக்கக் கட்டுப்பாடு இல்லாத இணையம் சிறுகதைக்குத் தரக்கூடிய சுதந்திரத்தை முதலில் முழுதாகப் புரிந்துகொண்ட ஆசிரியர்களில் ஒருவர் டாட்லோ.

அந்த ஆண்டுகளில் பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து இந்தக் கதைகளை வாசித்தவர்களில் நானும் ஒருவன். ஊரில் ஆங்கில அறிவியல் புனைகதை இதழ் எந்தக் கடையிலும் கிடைக்காது. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அசிமோவும் கிளார்க்கும் கிடைப்பார்கள்; அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களை வாசிக்க வேறு வழியே இல்லை. பிரிண்ட் எடுக்கப் பக்கத்துக்குத் தனிக் காசு. அதனால் கதையை நகலெடுத்து ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துப்போவோம். அமெரிக்க எழுத்தாளர் புதன்கிழமை வெளியிட்ட கதையை அதே வாரத்தில் இங்கே வாசிக்க முடிந்ததே, அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இன்று கையில் அலைபேசியோடு பிறந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

2005 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சிறந்த இணையதளத்துக்கான ஹ்யூகோ விருது சைஃபிக்‌ஷனுக்குக் கிடைத்தது. சிறந்த ஆசிரியருக்கான ஹ்யூகோ டாட்லோவுக்கே கிடைத்தது. இதற்கு மேல் ஓர் இதழ் என்ன சாதிக்க வேண்டும்? நவம்பரில், ஆண்டு முடிவோடு இதழ் நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தது.

நிறுத்தியதற்காக அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை உண்மையாகவே சொல்கிறேன். தொலைக்காட்சி நடத்தும் ஒரு நிறுவனம், தனக்குப் பைசா வருமானம் தராத சிறுகதைக்கு ஐந்தரை ஆண்டுகள் அவ்வளவு தாராளமாகச் செலவு செய்தது பெரிய காரியம். இதழ் நிற்பது நமக்கும் புதிதல்ல. 'மணிக்கொடி' 1933இல் தொடங்கி அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை. சிறுபத்திரிகை என்றாலே என்றாவது நிற்கப்போகிற பத்திரிகை என்று தெரிந்துகொண்டுதான் நாம் சந்தா கட்டுகிறோம்.

கோபம் எனக்கு அடுத்து நடந்ததன் மேல். இதழ் நின்ற பிறகும் ஒன்றரை ஆண்டுக் காலம் பழைய கதைகள் அதே முகவரியில் கிடைத்துவந்தன. 2007இன் நடுவில் அவற்றையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கதைகள். அவ்வளவும் வெறும் எழுத்து. படமோ காணொளியோ அல்ல. முழு இதழையும் ஒரு குறுந்தகட்டில் அடக்கிவிடலாம். அதை அப்படியே விட்டுவைக்க அந்த நிறுவனத்துக்கு ஆகியிருக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சொல்லுக்கு 20 சென்ட் கொடுத்து வாங்கிய கதைகளை, வைத்துக்கொள்ளச் செலவே இல்லாத நிலையிலும் வைத்துக்கொள்ளவில்லை.

இதழ் நிற்கப்போகிறது என்று தெரிந்தவுடன் அமெரிக்காவில் எழுத்தாளர்களும் வாசகர்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சைஃபிக்‌ஷனில் வந்த கதைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு கதையைப் பற்றிப் பாராட்டி எழுதினார்கள். டாட்லோவுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. பின்னால் கதைகளைத் தளத்திலிருந்து எடுத்ததும், கட்டுரைகள் சுட்டிய இடத்தில் எதுவும் இல்லாமல் போயிற்று. இணைய அறிவியல் புனைகதைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கதையின் பெயரும், ஆசிரியர் பெயரும், வெளியான தேதியும் இன்றும் இருக்கின்றன. விருது வாங்கியவர்களின் கதைகள் பிறகு தொகுப்புகளில் வந்துவிட்டன. ஃபோர்டின் கதையும் ஃபௌலரின் கதையும் அவர்களுடைய தொகுப்புகளுக்கே தலைப்பாகிவிட்டன. அப்படித் தொகுப்புக்குள் போய்ச் சேராத கதைகளை எழுதியவர்களை நினைத்துப் பாருங்கள். வாழ்க்கையில் எழுதிய மிக நல்ல கதை அதுவாகவே இருந்திருக்கலாம். தரவுத்தளத்தில் ஒரு வரியாக மட்டும் இருக்கிறது.

சைஃபிக்‌ஷன் தொடங்கிய அதே 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் இன்னோர் இணைய இதழ் தொடங்கியது. 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்'. தொடங்கியவர் மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பில் பிறந்து, குழந்தையிலேயே பெற்றோரோடு அமெரிக்கா போன ஈழத் தமிழ்ப் பெண். இதைத் தமிழ் வாசகர்களில் மிகச் சிலரே அறிவார்கள் என்பது எனக்கு வருத்தம். உலகின் மிக மதிப்புக்குரிய அறிவியல் புனைகதை இதழ்களில் ஒன்றை உருவாக்கியவர் நம்மவர். நம் இலக்கிய மேடைகளில் அவர் பெயர் கேட்டதில்லை. அவர் பின்னால் எந்தத் தொலைக்காட்சியும் இல்லை. லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்து, ஆண்டுக்கொரு முறை வாசகர்களிடம் நன்கொடை கேட்டு, ஆசிரியர் குழுவில் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்து, எழுதுபவர்களுக்கு மட்டும் சன்மானம் கொடுத்து நடத்தினார்கள். 2003இல் மோகன்ராஜ் தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். இதழ் நிற்கவில்லை. அடுத்தவர் வந்தார், அவருக்கு அடுத்தவர் வந்தார். பின்னாளில் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவும் டெல்லி வழக்கறிஞர் கௌதம் பாட்டியாவும் அதன் ஆசிரியர் குழுவில் இருந்திருக்கிறார்கள். 2024இல் ஹ்யூகோ விருது பெற்றது. 2000ஆம் ஆண்டு வந்த முதல் இதழின் கதையை இன்றைக்கும் அதன் தளத்தில் வாசிக்கலாம்.

இரண்டு இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பணம் இருந்தது நீடிக்கவில்லை, பணம் இல்லாதது நீடித்தது என்று சுருக்கிவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நன்கொடையில் நடந்து நின்றுபோன இதழ்களும் ஏராளம். சைஃபிக்‌ஷனில் கதைகளின் கதியைத் தீர்மானிக்கும் அதிகாரம், கதைகளை நேசித்தவர்கள் கையில் இல்லை. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸில் அது அவர்கள் கையிலேயே இருக்கிறது. நான் பார்க்கும் வேறுபாடு இதுதான். டாட்லோ எவ்வளவு பெரிய ஆசிரியராக இருந்தும், தன் இதழின் சேமிப்பைக் காப்பாற்ற அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் நினைவுக்கு வரும் சுஜாதா, 'அம்பலம்' என்ற இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். வாரம் தவறாமல் எழுதினார். இன்று அந்த இதழை அதன் இடத்தில் போய் வாசிக்க முடியாது. அவருடைய பத்திகளில் புத்தகமானவை நம்மிடம் இருக்கின்றன. அந்த இதழில் மற்றவர்கள் எழுதியதெல்லாம்? சுஜாதா பெயர் இருந்த இடத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஒருவர் அன்று எழுதிய முதல் கதையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நமக்கு ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாம், டாப் என்று பொதுத் தரங்கள் ஒருபுறம். அவரவர் சொந்தமாகச் செய்துகொண்ட எழுத்துருக்கள் இன்னொரு புறம். இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கம் ஒன்று அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தாலும், திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளுமாகத்தான் தெரியும். மாற்றி எழுதத் தெரிந்தவர் வேண்டும். எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். நின்றுபோன இதழை நடத்தியவர்கள் யாராவது ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அச்சு நமக்கு ஓர் உதவி செய்துகொண்டிருந்தது. ஓர் இதழ் நின்றாலும் அதன் பிரதி எங்காவது பரணில் கிடக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் போல, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் சேகரிப்பிலிருந்து 1994இல் ஒரு நூலகமே எழுந்தது. 'மணிக்கொடி'யைப் பற்றி இன்று ஆய்வு செய்ய முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்பதால். இணைய இதழுக்குப் பரண் கிடையாது. ஆசிரியர் வைத்திருக்கும் வரை எல்லோரிடமும் இருக்கிறது. அவர் எடுத்துவிட்டால் எவரிடமும் இல்லை. வேபேக் மெஷின் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அது எல்லாப் பக்கங்களையும் எடுப்பதில்லை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அதுவே சில நாள் முடங்கிக் கிடந்தது. ஒரே இடத்தை நம்பி உட்கார முடியாது.

ஆகவே ஆசிரியர்களே, உங்கள் இதழ் இன்று நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுத்துகிற நேரத்தில் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். இணைய இதழ் பெரும்பாலும் நிற்பது ஒருவருக்கோ இருவருக்கோ வந்த களைப்பால், வேலை மாறியதால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததால். அந்த நேரத்தில் பழைய கதைகளை எடுத்து அடுக்கிவைக்க எவருக்கும் தெம்பு இருக்காது. இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற ஆங்கில அறிவியல் புனைகதை இதழுக்குச் செயற்கை நுண்ணறிவால் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால், கதை பெறுவதையே சிறிது காலம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அமேசான் தன் கிண்டில் இதழ்ச் சந்தா முறையை மூடியதால் அந்த இதழுக்கும் மற்ற ஆங்கில இதழ்களுக்கும் சந்தாதாரர்கள் ஒரேயடியாகக் கைவிட்டுப் போனார்கள். முழுநேரமாக இதழ் நடத்துபவர்களே திணறும்போது, அலுவலகம் முடிந்து வந்து இரவில் மெய்ப்புப் பார்க்கும் உங்கள் நிலை எனக்குப் புரியாமல் இல்லை.

முதலில் தள முகவரி. பல இதழ்களில் அது ஒரே ஒருவர் பெயரில், அவருடைய தனி மின்னஞ்சலில், அவருடைய கடன் அட்டையில் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் புதுப்பிக்க ஆளில்லை. புதுப்பிக்காத முகவரியை யாரோ வாங்கிச் சூதாட்டத் தளம் நடத்துவார்கள். தமிழிலேயே இப்படி நடந்திருக்கிறது. முகவரியைப் பத்தாண்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய முடியும். கடவுச்சொற்கள் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, உரிமை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாம் மிகவும் அலட்சியமாக இருக்கிறோம். கதை கிடைத்தது, அடுத்த இதழில் வருகிறது என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புவதோடு நம் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எழுத்தாளர் காலமான பிறகும் 60 ஆண்டுகளுக்கு உரிமை வாரிசுகளிடம் இருக்கும். இதன் பொருள் என்ன? நாளை உங்கள் இதழ் நிற்கிறது, ஒரு நூலகம் முழுத் தொகுப்பையும் வாங்கிப் பாதுகாக்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடும். நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். கதையை ஏற்றுக்கொள்ளும் கடிதத்திலேயே நாலு வரி சேர்த்துவிடுங்கள்: கதையின் உரிமை முழுவதும் எழுத்தாளருக்கே, அவர் எங்கு வேண்டுமானாலும் மறுபிரசுரம் செய்யலாம், இதழின் சேமிப்பில் கதையைத் தொடர்ந்து வைத்திருக்கவும், இதழ் நின்றால் ஒரு நூலகத்திடம் அதை ஒப்படைக்கவும் காலவரையின்றி அனுமதி தருகிறார். அவ்வளவே. எழுத்தாளர்களில் எவரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பிரதி. ஒவ்வோர் இதழும் முடிந்தவுடன் அதை ஒரு மின்னூலாகக் கட்டி, இணைய ஆவணகத்தில் நீங்களே ஏற்றிவிடுங்கள். அது தானாக வந்து பக்கங்களை எடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஈழத்து எழுத்துக்காக 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் எத்தனை நின்றுபோன இதழ்களைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். ஈழத்து எழுத்தாளர்கள் உங்கள் இதழில் இருந்தால் அந்தத் திட்டத்தாரை அணுகுங்கள். ஆண்டுக்கொரு முறையாவது தேர்ந்தெடுத்த கதைகளை அச்சில் கொண்டுவர முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஐம்பது பிரதி போதும். இன்று வேண்டிய அளவுக்கு மட்டும் அச்சிட முடிகிறது.

நிறுத்துவதென்று முடிவெடுத்துவிட்டால், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'ஷிம்மர்' என்ற இதழ் 2005இல் தொடங்கி 2018 நவம்பரில் தன் 46ஆவது இதழோடு நின்றது. முன்பே அறிவித்து, கடைசி இதழைக் கடைசி இதழாகவே தயாரித்து வெளியிட்டார்கள். வாசகர்களுக்கு நன்றி சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. 'ஏபெக்ஸ்' இதழ் 2019இல் ஆசிரியரின் உடல்நிலை காரணமாக நின்றது. பழையவை எல்லாம் பத்திரமாக இருந்தன, வாசகர்களும் காத்திருந்தார்கள், 2021இல் மறுபடி வந்தது. நம் இதழ்கள் பலவும் எதுவும் சொல்லாமல் நின்றுவிடுகின்றன. கடைசி இதழ் எதுவென்று தெரியாது. கதை அனுப்பியவர் பதில் வருமென்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். இது எழுத்தாளருக்கு இழைக்கும் அவமரியாதை என்றே நான் கருதுகிறேன். நிறுத்துகிறோம் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓர் இதழைச் சம்பளம் இல்லாமல் சில ஆண்டுகள் நடத்தியதே மொழிக்குச் செய்த பெரிய உபகாரம்.

இந்த மடலை வாசிக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கதையின் பிரதியை நீங்களே வைத்திருங்கள். இதழ் வைத்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். வெளியான பக்கத்தையும் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த இதழின் ஆசிரியர் பக்கத்தில் சிறிது இடம் ஒதுக்குங்கள். உங்கள் தள முகவரி யார் யார் பொறுப்பில் இருக்கிறது, கதைகளின் பிரதி வேறு எங்கெல்லாம் இருக்கிறது, இதழ் நின்றால் அவை யாரிடம் போகும் என்று எழுதிவிடுங்கள். இன்னும் எதுவும் செய்யவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்; உதவிக்கு வர வாசகர்களில் ஆட்கள் இருக்கிறார்கள். பழைய எழுத்துருவில் உள்ள கதைகளை யூனிகோடுக்கு மாற்றித் தரவும், மின்னூலாகக் கட்டித் தரவும் நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இதழ்களின் வாசகன்